ஒரு சாண் அகலம்

ஈர மடலை முழங்கால்மேல் விரித்து வைக்கிறாள். வலது கையை அகட்டி அதன் குறுக்கே வைக்கிறாள். கட்டைவிரல் ஒரு விளிம்பையும் சுண்டுவிரல் மறு விளிம்பையும் தொட்டு, அதற்கு மேலும் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். இருந்தால் அது இடப்பக்கத்து வாளிக்குப் போகும். இல்லையென்றால், “போ, நீ கயிறாப் போ” என்று சொல்லி நீளவாக்கில் கிழித்துவிடுவாள். கிழித்த நாரெல்லாம் மடியில் சேரும். பகல் இரண்டு மணிக்கு உட்கார்ந்தால் ஐந்து வரைக்கும் இதுதான் வேலை. வாளி நிறையும், மடியும் நிறையும்.

ஒதீலியாவுக்கு ஐம்பத்தாறு வயது. ஊவாமந்த்லா என்ற ஊரில் பேருந்துகள் திரும்பும் முக்கில், மலிஞ்சே மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இருபத்தெட்டு வருஷமாகத் தமால் விற்கிறாள். பன்றிக்கொழுப்பு விட்டு அடித்த சோளமாவை மக்காச்சோளக் கதிரின் காய்ந்த மடலில் தடவி, நடுவே கறியும் குழம்பும் வைத்துப் பொதிந்து ஆவியில் வேகவைக்கிற பண்டம். விடிவதற்குள் அந்த முக்கில் ஆள் சேர்ந்துவிடும். ஓட்டுநர், நடத்துநர், பள்ளிக்கூட வாத்தியார், சந்தைக்குப் போகிற பெண்கள் என்று எல்லோரும் சட்டைப் பையில் கைவிட்டபடி அந்த அலுமினியப் பானையைச் சுற்றி நிற்பார்கள். நெருப்பு இருக்கிற இடம் அந்தக் குளிரில் அது ஒன்றுதான்.

எந்தப் பொதியில் என்ன இருக்கிறது என்று அவள் பிரித்துப் பார்ப்பதில்லை. நாரில் ஒரு முடிச்சு என்றால் பச்சைக் குழம்பு. இரண்டு முடிச்சு என்றால் கறுப்பு மிளகாய்க் குழம்பு. முடிச்சே இல்லாமல் மடித்தது பாலாடைக்கட்டி. மிட்டாய்போல இரண்டு முனையும் கட்டியது இனிப்பு. ஆவிக்குள் கையைவிட்டு விரலால் தடவியே எடுத்துக் கொடுப்பாள். “கண்ணு எதுக்கு? அது வர்றவங்க மூஞ்சியப் பாக்க” என்பாள்.

தின்பதற்கும் அவளிடம் சட்டம் உண்டு. முள்கரண்டியால் குத்தி மடலைக் கிழிப்பவரை விடமாட்டாள். “வாத்தியாரே, அது பரிட்சைப் பேப்பர் இல்ல, கோடு போடுறதுக்கு! கையால பிரிங்க.” மடல் மாவில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு விலக வேண்டும். விலகினால் வெந்தது என்று அர்த்தம். பிரிக்கும்போது மற்றவர்கள் ஆவியைப் பார்ப்பார்கள், குழம்பைப் பார்ப்பார்கள். அவள் மடலை மட்டும்தான் பார்ப்பாள்.

தின்று முடித்ததும் வெறும் மடலைத் தெருவில் எறிய அவள் விடுவதில்லை. பேச்சு யாரோடு நடந்தாலும் இடது கை தானாக நீண்டுவிடும். உள்ளங்கை மேலாக, ஒன்றும் கேட்காமல் நிற்கும். எல்லோரும் பழகிய கோயில் உண்டியலில் போடுவதுபோல மடலை அந்தக் கையில் வைத்துவிட்டுப் பேருந்துக்கு ஓடுவார்கள். சேர்ந்ததை மத்தியானம் பக்கத்து வீட்டுக் கழுதைக்குப் போடுவாள்.

மடல் விஷயத்தில் அவளை ஏமாற்ற முடியாது என்பது ஊரறிந்த சங்கதி. வெராக்ரூஸ் பக்கத்திலிருந்து கட்டுக் கட்டாக ஏற்றி வரும் வியாபாரி அவள் வாசலில் வண்டியை நிறுத்தும்போதே கும்பிடு போடுவான். கந்தகப் புகை காட்டி வெளுத்த மடலை மோந்து பார்த்தே தள்ளிவிடுவாள். கட்டின் மேலே அகலமானதும் நடுவில் கிழிசலுமாகச் சொருகி வைத்திருந்தால், அங்கேயே கட்டை அறுத்துக் கீழே கொட்டுவாள்.

“தோன்யா ஒதீலியா, சாப்பிட்டதும் தூக்கிப் போடப்போற மடலுக்கு இவ்வளவு பரிசோதனையா? பொண்ணு பாக்குறதுக்குக்கூட இவ்வளவு பாக்கமாட்டாங்களே!”

“பொண்ணு சரியில்லேன்னா ஒரு வீடுதான் கெடும். ஏறக்கட்டு.”

ஊர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். ஒரு சாணுக்கு ஒரு நூல் குறைந்தாலும் ஒதீலியா தொடமாட்டாள் என்பார்கள். புதிதாகக் கல்யாணமான பெண்களுக்கு அவளைக் காட்டி, “செய்யுற வேலைல சுத்தம்னா அப்படி இருக்கணும்” என்று மாமியார்கள் சொல்வதும் உண்டு. இந்தப் பேர் பதினோரு வருஷத்துப் பேர் என்பதை யாரும் கணக்குப் பார்த்ததில்லை. அதற்கு முன்னால் அவள் எல்லோரையும்போலக் கைக்கு வந்த மடலில் மாவைத் தடவியவள்தான்.

பானையை மூடுவதற்குமுன் ஒரு காரியம் உண்டு. அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். அடுப்படியில் யாராவது மனதில் கோபத்தோடு நின்றால் தமால் வேகாது. எத்தனை மணி நேரம் எரித்தாலும் உள்ளே பச்சை மாவாகவே இருக்கும். அதனால் பானையின் இரண்டு காதிலும் மடல் நாரைக் கட்டி, கோபக்காரர் பேரைச் சொல்லி, அந்தக் கோபம் அங்கேயே நிற்கட்டும் என்று முடிச்சுப் போடுவார்கள். ஒதீலியா வலது காதில் கட்டும்போது புருஷன் மெலித்தோன் பேரைச் சொல்வாள். அவன் சைக்கிள் பழுதுபார்க்கிறவன்; கோபம் வந்தாலும் அதை அவனே மறந்துவிடுவான். அந்த முடிச்சு விளையாட்டுக்கு. இடது காதில் கட்டும்போது பேரை வாய்க்குள்ளேயே சொல்வாள். பிரீகிதா.

பிரீகிதா மெலித்தோனின் அக்கா. பேசப் பயப்படாதவள், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதவள். நாத்தனாரும் தம்பி மனைவியும் சேர்ந்து ஒரே பானையில் பதினேழு வருஷம் தமால் போட்டார்கள். மாவு அடிப்பது பிரீகிதா. ஒரு துளி மாவைத் தண்ணீரில் போட்டு அது மிதக்கும் வரைக்கும் அவள் கை ஓயாது. மடலும் நெருப்பும் ஒதீலியா.

பதினோரு வருஷத்துக்கு முன் மே மாதம், சான் இசித்ரோ திருநாளுக்குத் தெருச் சாப்பாட்டுப் பொறுப்பைப் பிரீகிதா எடுத்துக்கொண்டாள். புனிதர் சிலை ஒரு வருஷம் அவள் வீட்டில் இருந்தது. அந்தத் திருநாளோடு மரியாதையாகச் சாப்பாடு போட்டு, சிலையை அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். அறுநூறு தமால், நான்கு பானை. “மடல் உன் பொறுப்பு. அதுல நான் தலையிடமாட்டேன்” என்று பிரீகிதா சொல்லிவிட்டாள்.

அந்த வருஷம் கதிர் சிறுத்துவிட்டது. கட்டைப் பிரித்தால் பாதிதான் அகலம். மீதி குறுகலும் கிழிசலும். ஒதீலியாவுக்கு அடுத்த வாரம் முழுக்கக் கடை இருந்தது. ஒரு ஞானஸ்நான விருந்துக்கும் சொல்லியிருந்தார்கள். நல்லதையெல்லாம் பொறுக்கி எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். மீதியைத் திருநாளுக்கு ஊறவைத்தாள். சாமி சாப்பாட்டில் யார் மடலைப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தது இன்னமும் அவளுக்கு நினைவிருக்கிறது. குறுகல் மடல் என்றால் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று ஏற்ற வேண்டும், இரண்டு விரல் அகலமாவது. அவசரத்தில் ஒரு விரல்கூட ஏறவில்லை. ஆவி அடித்ததும் பொருத்து விட்டுக்கொண்டது. உள்ளே நீர் இறங்கி மாவு கூழாகிப் போனது.

மூன்று மணிக்கு முதல் பானையைத் திறந்தார்கள். பிரித்த பொதியெல்லாம் வெள்ளை வெளேரென்று வழிந்தது. மூடி இன்னும் ஒரு மணி நேரம் எரித்தார்கள். அடுத்த பானையும் அப்படித்தான். வரிசையில் தட்டோடு தெருவே நின்றது. வாத்தியக்காரர்கள் ரொட்டியைத் தின்றுவிட்டுக் கிளம்பினார்கள். அப்போதுதான் யாரோ கேட்டார்கள், யாருக்குக் கோபம் என்று.

கேட்கவே வேண்டியதில்லை. காலையில் வாத்தியக்காரர்கள் தாமதித்ததற்காகப் பிரீகிதா தன் புருஷனிடம் போட்ட சத்தம் மூன்று தெரு தாண்டிக் கேட்டிருந்தது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஒரு கிழவி அவளைப் பிடித்து அடுப்பைச் சுற்றி ஆடச் சொன்னாள். கோபம் கலைந்தால் வெந்துவிடுமாம். புதுப் பாவாடையோடு, எல்லோர் முன்னாலும், பிரீகிதா மூன்று சுற்று ஆடினாள். அதற்கும் வேகவில்லை. ஒதீலியா மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். ஒரு வாக்கியம் போதும். அது தொண்டைவரைக்கும் வந்தது. கட்டிலுக்கடியில் இருந்த கட்டுகள் கண்முன் வந்ததும் திரும்பப் போய்விட்டது.

கடைசியில் பிரீகிதா ஒரு பொதியை எடுத்துப் பிரித்தாள். எல்லோரும் மாவைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மடலைப் பார்த்தாள். மாவை வழித்துப் போட்டாள். மடலை நான்காக மடித்து, சமைக்கும்போது கட்டும் இடுப்புத்துணியின் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஒதீலியாவைப் பார்க்கவில்லை. பார்க்காததால் என்ன கண்டாள் என்பதும் ஒதீலியாவுக்குத் தெரியாமலே போயிற்று.

அப்புறம் தெருவில் அவள் பேர் பச்சை மாவு. பிள்ளைகள்கூடக் கூப்பிட்டார்கள். “எங்கக்கா கோவக்காரிதானே, சின்ன வயசுல இருந்தே” என்று மெலித்தோனும் சொன்னான். இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, பிரீகிதா அபிசாக்கோவுக்குக் குடிபோனாள். பேருந்தில் அரைமணி நேரம்தான். ஆனால் சாவுக்கும் சடங்குக்கும் வந்தால் வாசலோடு போய்விடுவாள். எந்த வீட்டு அடுப்படியிலும் அவள் பிறகு கைவைக்கவில்லை.

இடது காதில் முடிச்சை முதலில் போட்டது அக்கம்பக்கத்துப் பெண்கள். ஒதீலியா அதை அப்படியே தொடர்ந்தாள். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்களே.

போன பிப்ரவரியில் பிரீகிதாவின் மகள் நோயேமிக்கு ஊவாமந்த்லாவிலேயே கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மா செனோபியா தன் வீட்டுப் பின்கட்டில் நான்கு அடுப்பு மூட்டி, பானைப் பொறுப்பை ஒதீலியாவிடம் கொடுத்தாள். மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொரு மடலாகச் சாண் வைத்து எடுத்தாள் ஒதீலியா. அந்த மூன்று நாளும் அந்த ஒரு வாக்கியத்தை எப்படி ஆரம்பிப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தாள். எப்போது சொன்னாலும் செல்லும் என்று அவள் நினைத்திருந்தாள். கட்டிலுக்கடியில் வைத்த மடல் கெடாமல் இருப்பதுபோல.

கல்யாணத்தன்று காலை ஏழு மணிக்கே பிரீகிதா வந்துவிட்டாள். நீலப் பாவாடை, கையை முழங்கைவரை ஏற்றி மடித்திருந்தாள். செனோபியா வாசலிலேயே இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து வரவேற்றாள்.

“வாங்க சம்பந்தியம்மா. இப்படி எலுமிச்சை மரத்தடில உக்காருங்க. நல்ல நெழலு.”

“மாவு யார் அடிக்கிறாங்க? நான் ரெண்டு கை போடுறேனே.”

“ஐயோ, பொண்ணப் பெத்தவங்க அடுப்படில நிக்கிறதா? உடுப்பெல்லாம் புகை புடிக்கும். நாங்க இவ்வளவு பேர் இருக்கோம்ல!”

பேச்சில் ஒரு குறையும் இல்லை. பிரீகிதா தலையாட்டினாள். மடித்த கையை ஒவ்வொன்றாக இறக்கிப் பொத்தானைப் போட்டாள். நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். பை சரியாக மூடவில்லை. உள்ளே திணித்திருந்த இடுப்புத்துணியின் நாடா வெளியே தொங்கியது. பானையருகே நின்ற ஒதீலியா அந்த நாடாவைப் பார்த்தாள்.

பானையில் தண்ணீர் ஊற்றி, அடியில் ஒரு காசைப் போட்டார்கள். தண்ணீர் இருக்கும்வரை அது கிணுகிணுக்கும். நின்றால் வற்றியது என்று பொருள். கிழிந்த மடல்களைத் தண்ணீருக்கு மேலிருந்த துளைத்தட்டின்மேல் படுக்கையாகப் பரப்பி, பொதிகளை நிற்கவைத்து, மேலேயும் மடலால் போர்த்தி முடித்ததும் செனோபியா நாரை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“பிரீகிதா கோவம் இந்த முடிச்சோட நிக்கட்டும்.”

“நாலு முடிச்சாப் போடுங்க அத்தை” என்றாள் ஒருத்தி. “அது பஸ் ஏறி வந்த கோவம்!”

“மெதுவாப் பேசுடி, மரத்தடிலதான் இருக்காங்க.”

“கேட்டா இன்னும் ரெண்டு முடிச்சு சேத்துப் போட்டுக்கலாம்!”

சிரிப்பு அடங்குவதற்குள் ஒதீலியா சொன்னாள். “அன்னைக்கு வேகாமப் போனது அவங்க கோவத்தால இல்ல.”

“எது?”

“சான் இசித்ரோ சாப்பாடு. மடல் குறுகல். நல்லதையெல்லாம் நான்தான் எடுத்து வீட்டுல வச்சுக்கிட்டேன். கிழிசலத்தான் அங்க குடுத்தேன். தண்ணி உள்ள எறங்கிடுச்சு.”

மாவு அடித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. காசு கிணுகிணுத்தது மட்டும் கேட்டது. செனோபியா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு செனோபியாவின் கண்ணே கலங்கிவிட்டது.

“பாத்தீங்களாடி? கல்யாண வீட்டுல நாத்தனாருக்கு ஒரு குறை வரக்கூடாதுன்னு பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிறா!”

“நெசமாத்தான் சொல்றேன்.”

“நீயா? ஒரு சாணுக்கு ஒரு நூல் குறைஞ்சா தூக்கி எறியுறவ, நீ கிழிசல் மடல்ல பொதிஞ்சியா? அதுவும் சாமி சாப்பாட்டுக்கு? வேற யார்கிட்டயாவது சொல்லு.”

“கட்டிலுக்கு அடியில வச்சிருந்தேன். பதினாலு கட்டு.”

“சரி, சரி. பதினாலு கட்டு. மூடியப் போடு, கொதி வந்துடுச்சு.” செனோபியா அவள் கன்னத்தைத் தட்டினாள். “இந்த மனசு யாருக்கு வரும்? என் மருமக உங்கிட்டக் கத்துக்கணும்.”

பெண்கள் மறுபடி மாவில் கைவைத்தார்கள். ஒருத்தி வந்து ஒதீலியாவின் தோளை அணைத்துவிட்டுப் போனாள். நாலு முடிச்சும் காதில் அப்படியே இருந்தது. ஒதீலியா மூடியைப் போட்டு, அதன்மேல் கல்லை வைத்தாள். மரத்தடியை நிமிர்ந்து பார்த்தாள். பத்தடிகூட இல்லை. பிரீகிதா கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றேகால் மணி நேரத்தில் வெந்தது. முதல் பொதி மாப்பிள்ளையின் அம்மாவுக்குத்தான் என்று எல்லோரும் அவள் தட்டை நீட்டினார்கள். ஒதீலியா ஆவிக்குள் கையைவிட்டு, தடவி, இரண்டு முடிச்சுப் போட்ட ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்து, நேரே மரத்தடிக்குக் கொண்டுபோனாள்.

“அண்ணி. சூடா இருக்கு, பாத்து.”

பிரீகிதா தட்டை வாங்கினாள். நாரை அவிழ்த்தாள். பிரித்தாள். மடல் ஒட்டாமல் வழுக்கி விலகியது. நின்ற நிலையிலேயே ஒதீலியா காத்திருந்தாள். பிரீகிதா அவசரமில்லாமல், சிறு சிறு துண்டாகக் கிள்ளி, கடைசி விள்ளல் வரைக்கும் தின்றாள்.

“மாவு இன்னும் கொஞ்சம் அடிச்சிருக்கணும்” என்றாள்.

“ஆமாண்ணி.”

பிறகு வெறும் மடலைப் பாவாடைமேல் வைத்து நீவினாள். சுருக்கமெல்லாம் போக, மெதுவாக. வலது கையை அகட்டி அதன் குறுக்கே வைத்தாள். கட்டைவிரல் ஓரத்தைத் தொட்டது. சுண்டுவிரலுக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் மிச்சம் இருந்தது. அதையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒதீலியாவின் இடது கை, பழக்கத்தில், தானாக நீண்டது. உள்ளங்கை மேலாக.

பிரீகிதா மடலை இரண்டாக மடித்தாள், பிறகு நான்காக. கைப்பையைத் திறந்து, இடுப்புத்துணிக்கு மேலே வைத்து, நாடாவையும் உள்ளே தள்ளிக் கொக்கியை அழுத்தினாள். அடுப்படியிலிருந்து செனோபியா, “ஒதீலியா, ரெண்டாவது பானை!” என்று கூப்பிட்டாள். இன்னொரு முறையும் கூப்பிட்டாள். ஒதீலியா நீட்டிய கையை மடக்காமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.